நஷ்டமா, நஷ்டக் கணக்கா?

2024 கோடையில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நகர மையத்தில் உள்ள உணவகம் ஒன்றில் சாப்பிட்டு முடித்ததும் ரசீது வந்தது. வங்கியின் கடன் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றியவனுக்கு எந்தத் தாளைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போவதில்லை. வரி 9 சதவீதம் என்று இருந்தது. அந்த மாநிலத்தின் விற்பனை வரி 7 சதவீதம்தான் என்பதை முதல் நாள் கடையில் பார்த்திருந்தேன். மீதி இரண்டு எங்கிருந்து வந்தது என்று மகனிடம் கேட்டேன்.

'அது இந்த ஊர் நிர்வாகம் சாப்பாட்டின் மீது போடும் தனி வரி, அப்பா. விளையாட்டு அரங்கங்களைக் கட்டிப் பராமரிக்கிற வாரியத்துக்குப் போகிறது' என்றான். சில தெருக்கள் தள்ளி, பெரிய ரயில் நிலையம் போன்ற தோற்றத்தில் செங்கல் நிறக் கட்டடம் ஒன்று நின்றது. பேசர்ஸ் என்னும் தொழில்முறைக் கூடைப்பந்து அணியின் அரங்கம் அது. 2019 அக்டோபரில் மும்பையில் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியுடன் மோதி, இந்திய மண்ணில் முதல் என்பிஏ ஆட்டங்களை ஆடிய அணி என்று சொன்னால் நம் வாசகர்கள் சிலருக்கு நினைவு வரக்கூடும்.

அந்த அணியின் உரிமையாளர் சைமன் குடும்பம். அமெரிக்காவின் மிகப் பெரிய வணிக வளாக நிறுவனத்தை உருவாக்கிய குடும்பம். நான் தின்ற உணவுக்கான வரியில் ஒரு பங்கு அவர்களுடைய அணி ஆடும் அரங்கத்துக்கு ஏன் போக வேண்டும்? அதற்குப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் பதில் ஒன்றே: 'சிறிய ஊர், அணி நடத்துவதில் நஷ்டம்.'

இந்தப் பதில் உண்மையா என்று அறிய ஊர் திரும்பிய பின் சில மாதங்கள் படித்தேன். 'உண்மை' என்று சொன்னாலும், 'பொய்' என்று சொன்னாலும் அது பாதிப் பதிலாகவே இருக்கும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

என்பிஏவில் 30 அணிகள். நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ போன்ற பெருநகர அணிகள் ஒருபுறம். மெம்பிஸ், மில்வாக்கி, ஓக்லஹோமா சிட்டி, நியூ ஆர்லியன்ஸ், சாக்ரமெண்டோ, இண்டியானாபொலிஸ் போன்ற நகரங்களின் அணிகள் மறுபுறம். பின்னவற்றைச் சிறுசந்தை அணிகள் என்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்கு எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஊதியம் தர வேண்டும். வருவாயோ ஊருக்கு ஊர் மாறும். நஷ்டம் என்ற பேச்சுக்கு அடிப்படை இதுதான். இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது.

வங்கியில் நான் கற்ற பாடத்தை இங்கே சொல்ல வேண்டும். கடன் கேட்டு வரும் ஒரு தொழில் முனைவர் 'நஷ்டம்' என்று சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேட்போம். பணம் வந்து போகும் கணக்கு ஒன்று. வருமான வரித் துறைக்குக் காட்டும் கணக்கு ஒன்று. சொத்தின் மதிப்பு ஏறி இறங்கும் கணக்கு இன்னொன்று. நூற்பாலை ஒன்றின் உரிமையாளர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எங்களிடம் நஷ்டக் கணக்கே காட்டினார். ஆலையின் நிலம் இதற்குள் நான்கு மடங்கு விலை ஏறியிருந்தது. ஆலை தன் உரிமையாளருக்கே ஆண்டுதோறும் வட்டி கட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எங்களிடம் காட்டிய தாளில் இல்லாத வரிகள்தான் அதிகம்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம்.

தேசிய அளவிலான ஒளிபரப்பு உரிமைத் தொகையை 30 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஆனால், உள்ளூர்த் தொலைக்காட்சி வருவாய் அந்தந்த அணிக்கு உரியது. 2016-17 பருவத்தின் இரகசியக் கணக்குகளை இஎஸ்பிஎன் வெளியிட்டபோது, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணிக்கு உள்ளூர் ஒளிபரப்பில் ஏறத்தாழ 14.9 கோடி டாலர் கிடைத்ததும், மெம்பிஸ் அணிக்கு 94 லட்சம் டாலர்தான் கிடைத்ததும் தெரியவந்தன. பதினாறு மடங்கு வேறுபாடு. அந்தப் பருவத்தில், பணக்கார அணிகள் ஏழை அணிகளுக்குத் தரும் பகிர்வுத் தொகை வருவதற்கு முன் 14 அணிகள் நஷ்டத்தில் இருந்தன. பகிர்வு வந்த பின்னும் 9 அணிகள் நஷ்டத்தில் நின்றன. லீக்கின் வருவாய் உச்சத்தில் இருந்த காலத்தின் கணக்கு இது. ஆகவே, பணக் கணக்கில் நஷ்டம் என்பது வெறும் கட்டுக்கதை அன்று.

உண்மையிலேயே கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. தொலைக்காட்சி நிறுவனம் நடத்திப் பெரும் செல்வரான ராபர்ட் ஜான்சன், சார்லட் நகருக்குப் புதிய அணியைப் பெற 30 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்தினார். ஆண்டுதோறும் பணத்தை இழந்து, 2010-இல் 27.5 கோடி டாலர் மதிப்பில் மைக்கேல் ஜோர்டானிடம் விட்டுவிட்டு வெளியேறினார். போட்டதைவிடக் குறைவாக எடுத்தவர் அவர். பின்னாளில் உள்ளூர் ஒளிபரப்பும் ஆட்டம் கண்டது. பல அணிகளின் ஆட்டங்களைக் கேபிள் வழியே காட்டிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியபோது, சிறுசந்தை அணிகளின் நிதி மேலாளர்கள் நிம்மதியாக உறங்கியிருக்க மாட்டார்கள்.

ஆனால், இந்தப் பணக் கணக்கிலேயே எதைச் செலவு என்று எழுதுவது என்ற சிக்கல் இருக்கிறது. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது 2011-இல் நடந்த கதவடைப்பு.

நம் தொழிற்சங்க வரலாற்றில் கதவடைப்பு பழகிய சொல். 2011 ஜூலை 1 அன்று என்பிஏ உரிமையாளர்கள் ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்தார்கள். 30 அணிகளில் 22 நஷ்டத்தில் ஓடுகின்றன, ஓராண்டு நஷ்டம் சுமார் 30 கோடி டாலர் என்பது லீக்கின் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் முன்வைத்த வாதம். அதற்கு முந்தைய பருவத்தின் நஷ்டம் சுமார் 34 கோடி டாலர் என்றும் லீக் கூறியது. அந்த முந்தைய பருவத்துக்கு போர்ப்ஸ் இதழும் ஒரு மதிப்பீடு செய்திருந்தது. 17 அணிகள் நஷ்டம் என்று அதுவும் ஒப்புக்கொண்டது. ஆனால், லீக் முழுமைக்கும் சேர்த்தால் சுமார் 18 கோடி டாலர் இலாபம் என்றது. ஒரே பருவம், அதே அணிகள். இரு கணக்குகளுக்கும் இடையே ஐம்பது கோடி டாலருக்கு மேல் இடைவெளி.

இந்த இடைவெளியில் பெரும் பகுதி வட்டியிலும் தேய்மானத்திலும் ஒளிந்திருந்தது. போர்ப்ஸ் கணக்கு இவ்விரண்டையும் கழிப்பதற்கு முந்தைய இலாபம். ஓர் அணியை ஒருவர் கடன் வாங்கி விலைக்கு வாங்குகிறார். அந்தக் கடனின் வட்டியை அணியின் செலவில் எழுதுகிறார். ஆட்டம் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கும் இந்த வட்டிக்கும் தொடர்பில்லை. வீட்டைக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டவர், தவணை போக ஒன்றும் மிஞ்சவில்லை என்பதற்காக அந்த வீடு நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்வாரா? தேய்மானத்தைப் பொருத்தவரை லீக்குக்கும் நியாயம் செய்ய வேண்டும். அணியை வாங்கிய விலையின் மீது எழுதும் தேய்மானத்தைத் தாங்கள் காட்டிய நஷ்டத்தில் சேர்க்கவில்லை என்று லீக் தெளிவாகவே மறுத்தது. கட்டடம், கருவி போன்றவற்றின் வழக்கமான தேய்மானத்தை மட்டுமே சேர்த்ததாகச் சொன்னது. இதைச் சொல்லாமல் உரிமையாளர்களைச் சாடுகிற கட்டுரைகள் பல உண்டு, அது சரியன்று.

கதவடைப்பு எப்படி முடிந்தது என்பதில்தான் என் கண் நின்றது. அதற்கு முன் லீக்கின் கூடைப்பந்து சார்ந்த வருவாயில் 57 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிய ஒப்பந்தத்தில் அது 49 முதல் 51 சதவீதமாகக் குறைந்தது. அந்த வருவாய் அப்போது ஆண்டுக்கு 380 கோடி டாலர் அளவில் இருந்தது. ஏழு சதவீதம் என்பது சுமார் 27 கோடி டாலர். உரிமையாளர்கள் சொன்ன நஷ்டம் ஏறத்தாழ முழுவதும் ஒரே கையெழுத்தில் ஆட்டக்காரர்களின் பக்கத்துக்கு மாறியது. கோடீசுவர ஆட்டக்காரர்களுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால், 82 ஆட்டங்கள் கொண்ட பருவம் 66 ஆகச் சுருங்கியதில் ஒவ்வோர் அரங்கத்திலும் எட்டு இரவுகள் விளக்கு எரியவில்லை. இருக்கை காட்டுபவரும், தின்பண்டம் விற்பவரும், வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கிழிப்பவரும் அந்த எட்டு இரவுகளின் கூலியை இழந்தார்கள். அவர்களுடைய நஷ்டத்தைக் கணக்கிட்டுச் சொல்ல எந்த இதழும் இல்லை.

இரண்டாவது, வரிக் கணக்கு. வங்கியில் இருந்த காலத்திலேயே எனக்கு இது தெரிந்திருந்தால் என் வகுப்புகளில் உதாரணமாகச் சொல்லியிருப்பேன்.

பேஸ்பால் உலகில் பில் வீக் என்றொரு உரிமையாளர் இருந்தார். 1946-இல் கிளீவ்லாந்து அணியை வாங்கியவர். கூத்தும் வேடிக்கையுமாக அரங்கத்தை நிரப்பியதற்காகப் புகழ்பெற்றவர். அவர் விட்டுச்சென்ற மிகப் பெரிய சொத்து ஒரு கணக்கியல் யோசனை. ஆலையின் இயந்திரம் ஆண்டுதோறும் தேய்கிறது; அதற்குத் தேய்மானம் எழுத வரித் துறை அனுமதிக்கிறது. ஆட்டக்காரரும் ஆண்டுதோறும் வயதாகித் தேய்கிறார் அல்லவா? அப்படியானால், அணியை வாங்கிய விலையில் ஆட்டக்காரர் ஒப்பந்தங்களுக்கு உரிய பகுதிக்கும் தேய்மானம் எழுதலாமே என்று வாதிட்டார். வரித் துறை ஒப்புக்கொண்டது. ஆட்டக்காரருக்குத் தரும் ஊதியம் ஏற்கெனவே முழுச் செலவாகக் கழிக்கப்படுகிறது. அதற்கு மேல், அதே ஆட்டக்காரர் தேய்வதற்காக இன்னொரு கழிவு. முழங்கால் தேய்ந்தது ஆட்டக்காரருக்கு. வரிச் சலுகை உரிமையாளருக்கு!

1976-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. அணியின் விலையில் பாதிக்கு மேல் ஆட்டக்காரர் ஒப்பந்தங்களின் கணக்கில் எழுதுவது கடினமாயிற்று. 2004-இல் நிறைவேறிய வரிச் சட்டம் வேறு வழியைத் திறந்தது. அணியின் ஏறத்தாழ முழு விலையையும் 15 ஆண்டுகளில் சமமாகக் கழித்துக்கொள்ளலாம். பெயர், ஒளிபரப்பு உரிமை, லீக்கில் உள்ள இடம் என்று விலை ஏறிக்கொண்டே போகும் உரிமைகளுக்கும் தேய்மானம் உண்டு என்றாகிவிட்டது. நம் நாட்டில்கூட நிறுவனத்தின் நற்பெயர் மதிப்புக்குத் தேய்மானம் கோரும் வழக்கம் இருந்தது. 2021-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை நிறுத்திவிட்டது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 150 கோடி டாலருக்கு ஓர் அணியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலர் கழிவு கிடைக்கிறது. அணி அந்த ஆண்டில் ரொக்கமாக நான்கு கோடி டாலர் இலாபம் ஈட்டுகிறது. வரித் தாளில் அது ஆறு கோடி டாலர் நஷ்டமாக மாறிவிடும். அந்த நான்கு கோடிக்கு வரி இல்லை. அது மட்டுமன்று, நிர்வாகத்தில் நேரடியாக ஈடுபடும் உரிமையாளர், அந்த ஆறு கோடி நஷ்டத்தைத் தம் பிற தொழில்களின் இலாபத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும். 37 சதவீத வரி விகிதத்தில் அங்கே இரண்டு கோடிக்கு மேல் மிச்சம். பணம் வந்த அணி, வரி மிச்சமும் தந்து, நஷ்டத்தில் ஓடும் அணி என்ற பெயரையும் வாங்கிக்கொள்கிறது.

பின்னர் அணியை விற்கும்போது இந்தக் கழிவுகளுக்கெல்லாம் வரி கட்ட வேண்டும் என்பது உண்மையே. அப்படியானாலும் அது அரசு பல ஆண்டுகளுக்கு வட்டியில்லாமல் தந்த கடன். விற்காமலே உரிமையாளர் காலமானால், வாரிசுகளுக்குச் சொத்து அன்றைய சந்தை மதிப்பில் போய்ச் சேர்கிறது. பழைய கணக்கு அத்தோடு மூடப்படுகிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மர் 2014-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியை 200 கோடி டாலருக்கு வாங்கினார். 2014 முதல் 2018 வரை அந்த அணியின் வழியாக அவர் வரிக் கணக்கில் சுமார் 70 கோடி டாலர் நஷ்டம் காட்டினார் என்று புரோபப்ளிகா என்னும் புலனாய்வுச் செய்தி நிறுவனம் 2021-இல் எழுதியது. 2018-இல் அவர் செலுத்திய மத்திய வருமான வரி 12 சதவீதம். அதே ஊரின் இன்னோர் அணியில் ஆடிய லெப்ரான் ஜேம்ஸ் செலுத்தியது சுமார் 36 சதவீதம். அரங்கத்தில் உணவு பரிமாறிய ஓர் ஊழியர் செலுத்தியது 14 சதவீதம். எல்லாம் சட்டப்படியே. கிளிப்பர்ஸ் சிறுசந்தை அணி அன்று. ஆனால், இந்தச் சலுகை ஊரின் அளவைப் பார்த்துத் தரப்படுவதில்லை.

மூன்றாவது கணக்கு, சொத்தின் மதிப்பு. இதற்கு விளக்கம் அதிகம் வேண்டியதில்லை, எண்களே போதும். விஸ்கான்சின் மாநிலத்தின் செனட்டராக இருந்த ஹெர்ப் கோல், மில்வாக்கி பக்ஸ் அணியை 1985-இல் 1.8 கோடி டாலருக்கு வாங்கி, 2014-இல் 55 கோடி டாலருக்கு விற்றார். ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீதக் கூட்டு வளர்ச்சி. இடையில் அவர் கையிலிருந்து போட்ட பணத்தைக் கழித்தாலும் வருந்தத்தக்க முதலீடு அன்று. லாரி மில்லர் 1985-86-இல் இரண்டு தவணைகளில் 2.2 கோடி டாலர் கொடுத்து வாங்கிய யூட்டா ஜாஸ் அணி, 2020-இல் 166 கோடி டாலருக்குக் கைமாறியது. 2012-இல் 37.7 கோடி டாலர் மதிப்பில் வாங்கப்பட்ட மெம்பிஸ் அணிக்கு, போர்ப்ஸ் 2024-இல் போட்ட பட்டியலில் கடைசி இடம். கடைசி இடத்தின் மதிப்பு 300 கோடி டாலர். ராபர்ட் ஜான்சன் நஷ்டத்தில் விட்டுப்போன சார்லட் அணியின் பெரும்பான்மைப் பங்கை மைக்கேல் ஜோர்டான் 2023-இல் விற்றபோது அதன் மதிப்பும் 300 கோடி டாலர்.

'நிலம் விலை ஏறினால் சோறு வெந்துவிடுமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மதிப்பு உயர்வைக் கொண்டு இந்த மாத ஊதியத்தைத் தர முடியாது. ஆனால், விலை ஏறும் சொத்தைப் பிணையமாக வைத்துக் கடன் வாங்கலாம். ஒரு பங்கை மட்டும் விற்கலாம். இரண்டையும் உரிமையாளர்கள் செய்கிறார்கள். மேலும், விலை ஏறுவது வெறும் மோகத்தால் அன்று. 30 இடங்கள்தாம் உண்டு. லீக் இசையாமல் முப்பத்தோராவது அணி வர முடியாது. 2024-இல் கையெழுத்தான தேசிய ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,700 கோடி டாலர். படிப்படியாக உயரும் தொகை அது. சராசரியாகப் பிரித்தால் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 23 கோடி டாலர் வரும். 2025-26 பருவத்துக்கான ஊதிய உச்சவரம்பு 15.46 கோடி டாலர். ஆண்டுகள் செல்லச் செல்ல வரம்பும் உயரும். பல அணிகள் அதைத் தாண்டியும் செலவிடும். இருந்தாலும், ஊதியச் செலவில் பெரும் பகுதிக்கு ஒரு சீட்டுக்கூட விற்காமல் வழி பிறந்திருக்கிறது. மெம்பிசுக்கும் நியூயார்க்குக்கும் அதில் சம பங்கு.

இனி, அந்த உணவக ரசீதுக்கு வருகிறேன். நஷ்டம் என்ற சொல் அதிகம் வேலை செய்யும் இடம் ஆட்டக்காரர்களின் பேச்சுவார்த்தை மேசை மட்டுமன்று, நகர மன்றமும்தான்.

ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தின் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு சியாட்டில் அணியை 2001-இல் 20 கோடி டாலருக்கு வாங்கியது. ஐந்து ஆண்டுகளில் சுமார் ஆறு கோடி டாலர் நஷ்டம், புதிய அரங்கம் வேண்டும் என்றது. அரசு தரவில்லை. 2006-இல் 35 கோடி டாலருக்கு அணி விற்கப்பட்டது. சொன்ன நஷ்டத்தை அப்படியே ஏற்றாலும் ஒன்பது கோடி டாலர் மிச்சம். சியாட்டில் மக்களுக்குத்தான் மிச்சம் எதுவுமில்லை. புதிய உரிமையாளர்கள் 2008-இல் அணியை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பின் எந்த உரிமையாளரும் 'ஊரை விட்டுப் போய்விடுவோம்' என்று உரக்கச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சியாட்டில் என்று சொன்னால் போதும்.

மில்வாக்கியை வாங்கியவர்களிடம், 2017-க்குள் புதிய அரங்கத்துக்கு வழி செய்யாவிட்டால் அணியை லீக்கே திரும்ப வாங்கிக்கொள்ளும் என்ற நிபந்தனை இருந்தது. மாநிலமும் நகரமும் மாவட்டமும் சேர்ந்து 25 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அரங்கத்தை ஒட்டிய பத்து ஏக்கர் அளவிலான பொது நிலத்தை மாவட்ட நிர்வாகம் அணியின் நிறுவனத்துக்கு ஒரு டாலருக்கு விற்றது. பழைய உரிமையாளர் கோல் தம் பணத்திலிருந்து பத்துக் கோடி டாலர் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படிக் கொடுத்த உரிமையாளர்கள் அரிது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல் பங்குதாரர் ஒருவர் தம் பங்கை விற்றபோது அணியின் மதிப்பு 350 கோடி டாலர். ஓக்லஹோமா சிட்டியில் குறைந்தது 90 கோடி டாலர் செலவில் எழும் புதிய அரங்கத்துக்கு அணி தருவது ஐந்து கோடி. மீதியில் பெரும் பகுதி ஒரு சதவீத விற்பனை வரியிலிருந்து வரும். 2023 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பத்தில் ஏழு பேர் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தார்கள். ஏமாற்றப்பட்டார்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சியாட்டிலிடமிருந்து வந்த அணி அது. போகவும் கூடும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

இண்டியானாபொலிசில், அரங்கம் பொது வாரியத்தின் சொத்து. அணிதான் அதை நடத்துகிறது. 2010-இல், நடத்தும் செலவைத் தாங்க முடியவில்லை என்று அணி கேட்டபோது, வாரியமே பற்றாக்குறையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. இருந்தும் மூன்று ஆண்டுகளுக்கு 3.35 கோடி டாலர் தந்தது. 2014-இல் பத்து ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர். 2019-இல் 25 ஆண்டு ஒப்பந்தம். புதுப்பித்தலும் நடைமுறைச் செலவும் சேர்ந்து 60 கோடி டாலருக்கு மேல் பொதுப்பணம். சைமன் சகோதரர்கள் 1983-இல் இந்த அணியை வாங்கிய விலை ஒரு கோடி டாலரை ஒட்டியது. அவர்கள் வாங்கியிராவிட்டால் அணி அன்றே ஊரை விட்டுப் போயிருக்கும் என்று அந்நகர மக்கள் நன்றியோடு சொல்வதையும் கேட்டேன்.

என் வருத்தம் பணம் கொடுத்ததில் இல்லை. ஒரு நகரம் பூங்காவுக்கும் நூலகத்துக்கும் செலவிடுவதுபோல் கூடைப்பந்துக்கும் செலவிடலாம். மக்களுக்கு வேண்டியதை மக்கள் வாங்கிக்கொள்கிறார்கள். வங்கிக்காரனாக எனக்கு உறுத்துவது வேறு. ஒரு நடைமுறை மூலதனக் கடனுக்கு நாங்கள் கேட்கும் தாள்கள்கூட இங்கே முழுமையாகப் பொதுமக்கள் முன் வைக்கப்படுவதில்லை. சிறுசந்தை என்பிஏ அணி எதுவும் தன் தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடுவதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே என்ற சிற்றூரின் அணி, பல லட்சம் பங்குதாரர்களுக்குச் சொந்தமானது என்பதால், தன் வரவு செலவைச் சொல்கிறது. வானம் இடிந்துவிடவில்லை. நஷ்டத்தில் பங்கு கேட்பவரிடம், மதிப்பு உயர்வில் எங்களுக்குப் பங்கு உண்டா என்று நகரங்கள் கேட்டிருக்க வேண்டும்.

கேட்ட ஊர் ஒன்று உண்டு. கூடைப்பந்து அன்று, பேஸ்பால். மயாமி நகரில் மார்லின்ஸ் அணிக்குப் பெரும்பாலும் பொதுப்பணத்தில் அரங்கம் கட்டித் தந்தபோது, அணியை விற்றால் இலாபத்தில் ஒரு சிறு பங்கு தர வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் 2009-இல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா 2002-இல் 15.8 கோடி டாலருக்கு வாங்கிய அணியை 2017-இல் 120 கோடி டாலருக்கு விற்றார். மாவட்ட நிர்வாகம் பங்கைக் கேட்டது. கடன், வரி, கட்டணம், ஒப்பந்தம் அனுமதித்த பிற கழிவுகள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் 14 கோடி டாலர் நஷ்டம் என்று பதில் வந்தது. வழக்கு நடந்து, 2021-இல் நாற்பது லட்சம் டாலர் அளவிலான தொகையோடு சமரசம் ஆயிற்று. பங்கு உண்டு என்று எழுதினார்கள். எந்தக் கணக்கில் என்று எழுதவில்லை.

2025 ஜூனில் என்பிஏ இறுதிப்போட்டி. ஓக்லஹோமா சிட்டியும் இண்டியானாவும் மோதின. இரண்டும் சிறுசந்தை அணிகள். ஏழாவது ஆட்டம் வரை போயிற்று. அந்தத் தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, லேக்கர்ஸ் அணியின் பெரும்பான்மைப் பங்கு 1,000 கோடி டாலர் மதிப்பில் கைமாறப்போகும் செய்தி வந்தது. ஏழாவது ஆட்டம் நமக்கு ஜூன் 23 காலை. காபிக் கோப்பையோடு தொலைக்காட்சியின் முன் நானும், அங்கே நண்பர்களோடு மகனும் அமர்ந்திருந்தோம். முதல் கால் பகுதியிலேயே இண்டியானாவின் முதன்மை ஆட்டக்காரர் டைரீஸ் ஹாலிபர்ட்டன் குதிகால் நரம்பு அறுந்து தரையில் விழுந்தார். அணி 103-91 என்று தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் மகனை அழைத்தேன். குரல் கம்மியிருந்தது. ஆறுதலாக ஏதோ பேசிவிட்டு, பழக்கத்தை விட முடியாமல் அந்த இரண்டு சதவீதத்தைப் பற்றிக் கேட்டேன். 'இந்த ஒரு மாதத்துக்காக நான்கு சதவீதம் கேட்டாலும் கொடுத்திருப்பேன், அப்பா' என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. நகரம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2044 வரை ஓடுகிறது.